ஜவ்வரிசிக் கஞ்சி குடித்த சுவெட்டர்

சித்திரை வெயிலில் ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து கம்பளி நூலில் சுவெட்டர் பின்னிக்கொண்டு போன ஒரு பொம்பளையை நீங்கள் பார்த்திருந்தால், அது நான்தான். பக்கத்து சீட்டுக்காரர்கள் முதலில் என் மடியில் கிடக்கும் நூலைப் பார்ப்பார்கள், பிறகு ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒரு அம்மாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"பேரனுக்குங்களா?"

"இல்லீங்க, ஊட்டுக்காரருக்கு."

"வடக்க எங்காச்சும் பட்டாளத்துல இருக்கறாருங்களா?"

"இல்லீங்க. இதா, முன்னாடி மூணாவது சீட்டுல வேட்டியோட உக்காந்திருக்கறாரு பாருங்க, அவருக்குத்தான்."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார் மனுஷன். அதற்குப் பிறகு மல்லூர் தாண்டியும் அந்த அம்மாள் என்னோடு பேசவில்லை.

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். சங்ககிரியில் வண்டி எடுத்தால் பஞ்சாபில்தான் இறங்குவார். தை மாதத்தில் அங்கே விடிகாலையில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத அளவுக்குப் பனி கொட்டுமாம். கூடப் போகிறவர்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, இவர் மட்டும் ஒற்றைச் சட்டையும் தலையில் ஒரு துண்டுமாக வண்டி ஓட்டுவாராம். ஊருக்கு வந்து, "குளுரெல்லாம் மனசுலதான் புள்ள இருக்குது" என்று பீற்றிக்கொள்வார். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வயசு அப்படி.

அந்த மனுஷனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை வியாதி முற்றி இரண்டு கிட்னியும் போனது. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினைச் சுற்றிவிட்டு, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகும். போகும்போது சூட்டை வெளியிலேயே விட்டுவிட்டுப் போகும் போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் இவருக்கு நடுக்கம் ஆரம்பித்துவிடும். அதோடு அந்த அறையின் ஏசி வேறு. கொஞ்சம் குறைக்கச் சொல்லி நர்ஸம்மாவிடம் கெஞ்சினேன். "முடியாதுங்கக்கா, மெஷினெல்லாம் சூடாயிரும்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

போர்வை கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் இடது கையில் ஊசி குத்தியிருப்பதால் அந்தக் கை முழுக்க வெளியே தெரிய வேண்டும். போர்வை அந்தத் தோளிலிருந்து வழுக்கி வழுக்கி விழும். இன்னொரு கையால் அவரே இழுத்துவிட்டுக்கொள்வார், அது மறுபடி விழும். கடையில் ஒரு சுவெட்டர் வாங்கினேன். ஊசிக்காகச் சுருட்டிவிட்டால் அதன் கை முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. குரங்குக் குல்லா மாட்டிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை காலை. பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டவர், அப்படியே கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரலை புள்ள" என்றார்.

திட்டினேன், கெஞ்சினேன். அசையவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, படுக்க முடியாமல், மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்துவிட்டார். ஆம்புலன்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு டாக்டர் என்னைத்தான் திட்டினார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்று சொன்னார். ராசிபுரத்திலிருந்து சேலம் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயம், அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வலின்னா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்துருவேன். இந்தக் குளுரு முடியல புள்ள. கையி காலெல்லாம் சில்லுன்னு ஆயி, அங்க படுத்திருக்கையில செத்துப் போயிட்ட மாதிரியே இருக்குது. அதுக்கு ஊட்டுலயே செத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், அது என் பிறவிக் குணம். கத்தி முடித்துவிட்டு, "நான் ஒரு சுவெட்டர் பின்னித் தாரேன். உங்க கைக்கும் தோளுக்கும் தக்கன. அதுவரைக்கும் வாங்க" என்றேன்.

"உனக்கு அது பின்னத் தெரியுமா?"

"தறிகாரன் ஊட்டுல பொறந்தவளுக்கு நூலைப் பத்திச் சொல்லித் தாரீங்களா?"

அவர் யோசித்தார். பிறகு லாரி ஆபீஸில் வாடகை பேசுகிற மாதிரி ஒரு பேச்சு பேசினார்.

"செரி. நீ பின்னி முடிக்கற வரைக்கும் வாரேன். அதைப் போட்டும் குளுருச்சுன்னா அத்தோட நிறுத்திக்கோணும். அதுக்கு மேல என்னைக் கூப்புடக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? சொன்ன சொல்லை அவர் மாற்றமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்போதைக்கு ஆளை பஸ்ஸில் ஏற்றினால் போதும் என்றிருந்தது.

நூல் தேடி சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் அலைந்தேன். உல்லன் என்று கேட்டால், வாசலில் தொங்கவிடுகிற தோரணம் பின்னுவதற்கான பளபள நூலைத்தான் எடுத்துப் போட்டார்கள். ரோஸும் கிளிப்பச்சையுமாக. தொட்டுப் பார்த்தாலே கை அரித்தது. கடைசியில் இவருடைய பழைய கூட்டாளிக்கு போன் போட்டேன். அந்த அண்ணன் இன்னமும் லூதியானாவுக்கு வண்டி ஓட்டுகிறவர். அங்கே நல்ல கம்பளி நூல் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து நாள் கழித்து ஒரு சாக்குப் பையோடு வந்து நின்றார்.

"என்ன கலருன்னு நீங்க சொல்லலீங்கம்மணி. அதான் மூணுலயும் கொஞ்சங் கொஞ்சம் வாங்கியாந்துட்டேன்" என்றார்.

சாம்பல், அரக்கு, மாம்பழ மஞ்சள். எந்த நிறத்திலும் ஒரு முழுச் சுவெட்டருக்கு நூல் காணாது. அதனால்தான் அது கோடு போட்ட சுவெட்டர் ஆனது. பிற்பாடு ஆஸ்பத்திரியில் எல்லாரும் டிசைன் நன்றாக இருக்கிறதே என்று சொன்னபோது, நானே யோசித்து வைத்த மாதிரி தலையாட்டினேன்.

பின்னுவதற்குப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்த பெண் இந்திக்காரி. அவள் பேசுவது ஒன்றும் புரியாது, சத்தத்தை அடைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பேன். அவளிடம்தான் அந்த மாடலைப் பார்த்தேன். கார்டிகன் என்றிருந்தது. பொத்தான் கிடையாது, முன்பக்கம் திறந்திருக்கும். இரண்டு பக்கமும் அகலமாக, முந்தானை மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். குளிர்ந்தால் ஒன்றை எடுத்து மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளலாம், இன்னொன்றை அதற்கு மேலே போட்டுக்கொள்ளலாம். கழுத்து வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொள்ளலாம். பார்த்த உடனே இதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். இடது கையை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தைக்காமல் திறந்து விட்டு, நாலு இடத்தில் நாடா வைத்துக் கட்டிவிடலாம், ஊசி போடும்போது அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன்.

"பொம்பள சட்டை. அதுலயும் பாவாட நாடா" என்றார் அவர்.

"கட்டிக்கப் போறது நீங்கதான்" என்றேன்.

நூலைப் பற்றி அவரிடம் பெருமை பேசினேன் அல்லவா, அந்தப் பெருமை முதல் மாதமே கிழிந்தது. எங்கள் அப்பா வீட்டில் நாலு தறி. அண்ணன் வீட்டு விசைத்தறிக்கு இப்போதும் நான்தான் பாவு பிணைக்க, அதாவது தறியில் தீர்ந்த நூலோடு புது நூலை இழை இழையாக முடிச்சுப் போட, போகிறேன். எங்கள் கைக்கு நூல் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்த நூலைக் கண்டால் கை தானாகப் போய் இழுத்துக் கட்டும். அந்தக் கையோடு கண்ணி கண்ணியாக இழுத்து இழுத்துப் பின்னி, முதுகுப் பாகத்தை முடித்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜை மேல் நிறுத்தினார். நின்றது.

"சுவெட்டரா இது, மேட்டுல வண்டிய நிறுத்துனா டயருக்கு அண்டக் குடுக்கற கட்டையா?"

முழுசையும் பிரித்தேன். பிரிக்கும்போது ஒரு கள்ளப் புத்தி வந்தது. இது முடியாத வரைக்கும் அவர் வருவார் அல்லவா? அப்படியானால் பின்னுவதும் பிரிப்பதுமாக வருடக் கணக்கில் இழுக்கலாமே. இரண்டு வாரம் அப்படித்தான் இழுத்தேன். நாலு வரிசை பின்னினால் மூன்று வரிசை பிரித்தேன், சரியாக வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே. ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது. இங்கே வெளியே வராந்தாவில் என் மடியில் கம்பளி கிடக்கிறது, நான் அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு வரிசைகூட வேண்டுமென்று பிரிக்கவில்லை.

நூலை இழுக்காமல் விடுவதற்குக் கையைப் பழக்குவதுதான் பெரும்பாடு. வியர்வையில் கம்பளி விரலோடு ஒட்டும். பவுடர் போட்டுக்கொண்டு பின்னினேன். பஸ்ஸில், வராந்தாவில், சோறு வேகும்போது அடுப்படியில். பத்து வரிசை சாம்பல், ஆறு வரிசை அரக்கு, நாலு வரிசை மஞ்சள். மஞ்சள் இடையிலேயே தீர்ந்துபோய்விட்டதால் இடது கை முழுக்கச் சாம்பலாகவே போனது.

அந்த நாட்களில் அவரும் ஒழுங்காக வந்தார். கள்ளத்தனமும் செய்தார். ஒரு நாள் அண்ணன் வீட்டு விசேஷத்தில் வந்த மைசூர்பாகில் இரண்டைக் காணோம். "எடுத்தீங்களா?" என்று கேட்டேன். "இல்லியே" என்றார் கூரையைப் பார்த்துக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பொய் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க அவருக்கு வராது, கண் தானாகக் கூரைக்குப் போய்விடும். லாரி ஓட்டின காலத்தில், வழியில் ஆக்ஸிடென்ட் ஏதாவது ஆனதா என்று கேட்கும்போதும் எங்கள் வீட்டுக் கூரையைத்தான் பார்ப்பார்.

சித்திரை முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கண்ணியை அடைத்தேன். திங்கள்கிழமை போட்டுப் பார்ப்பது என்று முடிவு. சுவெட்டரை ஆணியில் மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தேன். தொளதொளவென்று தொங்கியது. அப்படித் தொங்கத்தான் வேண்டும், அதுதான் அந்த மாடல். அது என் புத்திக்குத் தெரிகிறது. ஆனால் நான் பிறந்த வீட்டில் பாவுக்கு ஒரு கஞ்சி, நெய்து இறக்கின துணிக்கு ஒரு கஞ்சி. கஞ்சி போடாமல் ஒரு துண்டைக்கூட எங்கள் அப்பா வாசலைத் தாண்டவிட மாட்டார். தொய்ந்த துணியை நாலு பேர் பார்க்கப் போட்டனுப்பினால் நெசவு தெரியாத வீடு என்பார்கள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் பார்ப்பார்களே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. லேசாகப் போட்டால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜவ்வரிசியை வேகவைத்துக் கஞ்சி காய்ச்சினேன். ஆறவிட்டு, வடிகட்டி, சுவெட்டரை அதில் முக்கி எடுத்து, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து அதன் மேல் காயப்போட்டேன். வருடா வருடம் வடகம் காயப்போடுகிற அதே இடம்.

மத்தியானம் போய்ப் பார்த்தால், சுவெட்டர் இரண்டு கையையும் விரித்தபடி விறைத்துக் கிடந்தது. மடக்கினால் மடங்கவில்லை, நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தது. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன்.

அவர் பார்த்தார். முகர்ந்தார். ஓர் ஓரத்தைச் சுண்டினார். டொக் என்றது.

"ஏம்புள்ள, இதை எண்ணெயில பொரிக்கறதா, இல்ல சுட்டே திங்கலாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதம். நாளைக்குப் போட்டுக் குளிரவில்லை என்றால்தான் அவர் வருவார். இதைப் போட்டுக்கொண்டு கையையே மடக்க முடியாதே. என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரோ சிரித்தார். எத்தனை மாதம் ஆகிவிட்டது அவர் அப்படிச் சிரித்து! சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அழுகாத சாமி. அந்த வாளியை எடுத்தா" என்றார்.

டயாலிசிஸ் ஊசி போடுகிற இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால் வலது கையால் மட்டும், கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, சுவெட்டரை வாளித் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்தார். "கசக்காதீங்க, முறுக்காதீங்க" என்று நான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் குடித்தால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். அந்த மனுஷன் கையை முழங்கை வரைக்கும் வாளிக்குள் விட்டு அளைந்துகொண்டு, "குடிக்கத்தான கூடாது, தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியே" என்றார். மூன்று தண்ணீர் மாற்றினார். நான்காவது தண்ணீர் தெளிவாக நின்றது.

நான் அடுப்படியைப் பார்க்கப் போன நேரத்தில், சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக் கொடியில் போட்டுவிட்டார். கம்பளியை ஈரத்தோடு தொங்கவிடக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? தண்ணீர்ப் பாரத்தில் அது கீழே கீழே இறங்கி, சாயங்காலம் காய்ந்து எடுக்கும்போது இடுப்பு வரைக்கும் இருந்த சுவெட்டர் முழங்காலைத் தொட்டது. முன்பக்கம் இரண்டும் ஒரு முழம் நீண்டிருந்தன. கஞ்சி முழுசாகப் போய் மெத்தென்று இருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"வேட்டியே தேவையில்ல போலிருக்குது" என்றார்.

திங்கள்கிழமை காலையில் நர்ஸம்மா நாடாவை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கையில் ஊசி போட்டாள். நான் ஒரு பக்கத்தை அவர் மார்புக்குக் குறுக்கே இழுத்துத் தோளுக்கு அடியில் செருகினேன். மறு பக்கத்தை அதற்கு மேல் போட்டுக் கழுத்து வரைக்கும் ஏற்றிவிட்டேன். கீழே முழங்கால் வரைக்கும் மூடியிருந்தது. நான் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். பின்ன ஒன்றும் இல்லாமல் கை வெறுமனே கிடந்தது. அரை மணிக்கு ஒரு தடவை கண்ணாடிக் கதவுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கட்டில் ஆடவில்லை. நாலு மணி நேரமும் ஆடவில்லை.

முடிந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அவர் பக்கத்தில் போய் நின்றேன். கேட்கவே பயமாக இருந்தது.

"குளுருச்சுங்களா?"

"இல்ல புள்ள" என்றார். "கொஞ்சங்கூட குளுரல."

கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய வலது கையைப் பிடித்தேன். விரல்கள் கட்டிலின் இரும்புக் கம்பி மாதிரி ஜில்லென்று இருந்தன. பாதத்தைத் தொட்டேன், அதுவும் அப்படியே. நாலு மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் ஆடாமல் கிடந்திருக்கிறார். நான் கையை எடுக்கவில்லை. அவரும் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, ஒரு வருடத்துக்கு மேலாக அங்கே வந்துகொண்டிருக்கிற மனுஷன், புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி கேட்டார்.

"புதங்கெழம எத்தன மணிக்குங்க வரோணும்?"

அவள் சிரித்துவிட்டாள். "எப்பவும் போலத்தாங்கய்யா, ஏழு மணிக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பியில் கொதித்தது. அவர் சுவெட்டரைக் கழற்றவில்லை. பையில் சாம்பல் நூல் ஒரு உருண்டையும் அரக்கில் கொஞ்சமும் மிச்சம் இருந்தன. பின்னல் ஊசியை எடுத்துக் கண்ணி போட ஆரம்பித்தேன். கண்ணை மூடியிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இதென்ன புள்ள?"

"காலுக்குங்க."

"நான்தான் குளுரலைன்னனே."

"ஆமாங்க, சொன்னீங்க" என்றேன், பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டு.